பதினேழு கிலோமீட்டர் குறைவு

ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்குப் பதிமூன்று வயது, அப்பாவுக்கு அறுபது. 2002 பிப்ரவரி கடைசியில் அவருக்கு ஓய்வு. விசா ரத்தானதும் நாங்கள் மூவரும் ஊருக்குக் கிளம்பவேண்டும். ஓய்வு பெற்றவர்கள் ஊரில் வீடு கட்டுவார்கள். அப்பாவோ ஐரோப்பாவில் ரைன் நதியோரமாக, மலையிலிருந்து கடல்வரை சைக்கிளில் தனியாகப் போக ஆசைப்பட்டார்.

"மொதல்ல இங்கன ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, பொறவு நதியப் பாப்போம்" என்றாள் அம்மா. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தாள். மறுநாளே அப்பா ஒரு சைக்கிளும், அதன் கைப்பிடியில் பொருத்தும் சிறு மீட்டரும் வாங்கி வந்தார். மீட்டரை அவரே பொருத்தினார்.

தினமும் காலை ஐந்தேகாலுக்குப் போய் ஆறு ஐம்பதுக்குத் திரும்புவார். கண்ணாடி இல்லாமல் மீட்டரின் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. "ஏட்டி, எத்தன?" என்பார். நான் வாசித்துச் சொல்லி, தேதியிட்டு நோட்டில் எழுதுவேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் கையெழுத்துப் போடுவார். கட்டுமான சைட்டில் அவர் நேரப்பதிவாளர். முந்நூறு பேரின் ஓவர்டைம் தாளில் கால்மணி நேரம் கூடியிருந்தாலும் அவர் பேனா அங்கே நின்றுவிடும்.

ஜனவரியில் ஒருநாள் பால் வாங்க இறங்கியபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை இடது தோளைப் பிடித்திருந்தது.

"அம்மைட்ட சொல்லாத, என்ன" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பாஷை தெரியாத ஊரில் ஒரு நதிக்கரையில் அவர் அதேபோல் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. மறுநாள் மீட்டரில் இருபத்தேழு. "இருபத்திரண்டு" என்றேன். நோட்டில் எழுத்து கோணிற்று. அவர் அதைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அதன்பின் தினமும் நாலோ ஐந்தோ குறைத்தேன். ஆறு ஐம்பது தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் பால்கனியிலேயே நின்றேன்.

விமானத்துக்கு இரண்டு நாள் இருந்தபோது கூட்டிப் பார்த்தோம். தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று.

"பதினேழுதான கொறையுது" என்றாள் அம்மா. "நாளைக்கு ஒரு நடை போனா தீந்துது. நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்."

நான் நோட்டை மூடினேன்.

"நாளைக்கு மண்காத்து அடிக்கும்போல இருக்கு" என்றார் அப்பா.

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவர் ஏழு மணிவரை எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் சைக்கிளைக் கட்டடத்துக் காவலாளிக்குக் கொடுத்தார். மீட்டரை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பொய் சொல்லி அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன வருடம் என் மகனின் சைக்கிளுக்கு அதேபோல் ஒரு மீட்டர் வாங்கினேன். அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அன்றைய தூரம் தெரிகிறது. மற்றதை அழுத்தினால், பொருத்திய நாளிலிருந்து ஓடிய மொத்தத் தூரம்.