பேராயருக்குப் பக்கத்து இடம்

என் கணவர் பேராயராக இருந்து ஓய்வு பெற்ற அன்று சபை மக்கள் அழுதார்கள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை: ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அது நடந்ததே இல்லை. உதவி குருவாக இருந்தபோது அவர் மேலே பீடத்தில், நான் கீழே பெஞ்சில். சபை ஆயரானார்; அப்போதும் பீடம். பேராயரானார், இன்னும் பெரிய நாற்காலி, கையில் கோல் வேறு.

அவர் ஊழியத்தைக் குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும். எங்கள் திருமண்டலத்தில் அவர் கால் படாத சபை இல்லை, அவர் தலையில் கை வைத்து ஜெபித்துத் திருவிருந்துக்குத் திடப்படுத்தாத பிள்ளைகள் குறைவு. ஆனால் சுற்றுச்சுவர் கட்டினாலும் திறந்துவைக்க அவர்தான், கழிப்பறை கட்டினாலும் அவர்தான். ஒவ்வொன்றிலும் கல் பதித்து அவர் பெயரைப் போட்டார்கள். கழிப்பறையிலாவது வேண்டாமே என்றேன். ஜனங்க ஆசையாகச் செய்கிறார்கள், மனசை நோகடிக்கக் கூடாது என்றார்.

கே.கே. நகரில் குடியேறினோம். முதல் ஞாயிறு, இருப்பதில் நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு அங்கிருந்த சபைக்குப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்ததுதான் தாமதம், ஆயர் ஓடி வந்து ஐயா கீழே உட்காரலாமா என்று கையோடு பீடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். உள்ளே ஒரு பேராயர் இருந்தால் கடைசி ஆசீர்வாதத்தை அவர்தான் சொல்ல வேண்டும், எங்களில் அப்படி ஒரு வழக்கம். மனுஷர் ஒரு வார்த்தை மறுக்க வேண்டுமே! அங்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். காரில் இருக்கிறது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ஒரு கீர்த்தனைகூடப் பாடவில்லை.

அடுத்த வாரம் லால்குடிக்கு, அதுவும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். புறப்படும்முன் பையை நானே துழாவிப் பார்த்தேன், அங்கி இல்லை. அந்த ஊர் ஆயர் தன் அங்கியையே கழற்றிக் கொடுத்தார். கூடவே பிரசங்கத்தையும் கொடுத்துவிட்டார். என்னவர் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லித் தொடங்கி, பசியில் பிள்ளைகள் அழ ஆரம்பித்த பிறகுதான் இறங்கினார்.

இனி கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன சபை. அதன் ஆயருக்குக் குருப்பட்டம் கொடுத்ததே என் கணவர்தான். சனிக்கிழமை அந்தப் பையனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நாளைக்கு நாங்க வரோம். ஐயாவை மேல கூப்பிட்டீங்கன்னா நான் பாதியில எழுந்து போயிடுவேன். கேக்குறவங்ககிட்ட காரணத்தையும் சொல்லுவேன்."

சரிங்கம்மா, சரிங்கம்மா என்று இரண்டு தடவை சொன்னார்.

பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு ஆட்டோ போய்ச் சேர்வதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. வாசலில் வழக்கம்போல அவர் பெயர் போட்ட கல். பார்க்காத மாதிரி உள்ளே போய் முதலில் கிடைத்த பெஞ்சில் அவரையும் இழுத்து உட்கார வைத்தேன். ஆயர் எங்களைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்து வேதாகமத்தைப் புரட்டினார். நல்ல பிள்ளை. அப்பாடா என்று சாய்ந்தேன்.

சபைச் செயலாளர் வந்து கைகட்டி நின்றார். இது பெண்கள் பக்கம், ஐயா எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும் என்று இழுத்தார். நாங்கள் என்ன காதலர்களா என்று கேட்டேன். மனிதர் நெளிந்தார். முன்பு புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததில் சபையே இரண்டுபட்டுப் போனதாம்.

"ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்தான்னு ஐயாதாங்கம்மா தீர்ப்பு சொன்னாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். தீர்ப்பு சொன்னவர் மேலே சுற்றுகிற ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து ஆண்கள் பக்கம் போய்விட்டார். பாவி மனுஷா, எவளோ ஒரு சின்னப் பெண்ணையும் இப்படித்தானே தனியாக உட்கார வைத்தீர்!

முதல் கீர்த்தனைக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு நடுப்பாதையைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். பாட்டு ஒரு கணம் தொய்ந்தது. செயலாளர் ஓரடி எடுத்துவைத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன இது? எல்லாரும் பாக்குறாங்க" என்றார் என்னவர், உதடு அசையாமல்.

"இத்தனை வருஷமா உங்களைத்தானே பாத்தாங்க. இன்னைக்கு என்னையும் பாக்கட்டும். கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தார். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிரசங்கம் முழுக்க வசன எண் தப்பு, உச்சரிப்பு தப்பு என்று என் காதுக்குள் முணுமுணுத்தார். கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கடைசியில் ஆயர் ஆசீர்வாதம் சொல்ல வாயெடுத்ததும், என் பக்கத்தில் இவருடைய வலது கை பழக்கத்தில் தானாக மேலே எழும்பியது. சட்டென்று பிடித்துக் கீழே இறக்கி, மடித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் உருவிக்கொள்ளவில்லை. ஆமென் சொல்லி எல்லாரும் கலைந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.