பஞ்சுக்கு மருந்து

சுயம்புலிங்கம் குடிகாரரா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ராஜபாளையத்தில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன் நான். மில்லில் பஞ்சை உதறிப் பிரிக்கும் புளோ ரூமில் அவருக்கு வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் பஞ்சுத் தூசி அப்பியிருக்கும். நெஞ்சுக்குள் போன தூசியைப் பிராந்திதான் கழுவும் என்பது அந்த ரூம்காரர்களின் நம்பிக்கை. மனைவி ஆவுடையம்மாள்தான் டம்ளரில் அளந்து ஊற்றுவாள். அவர் கஷாயம் குடிக்கிற முகத்தோடு விழுங்குவார். லீவு நாளில் தொடமாட்டார். கல்யாண வீட்டில் யாராவது ஊற்றிக் கொடுத்தால் எரிந்து விழுவார். தெருவில் ஒருத்தன் தள்ளாடிப் போனால், "குடிகாரப் பய" என்று காறித் துப்புவார்.

வருஷம் போகப் போக இருமல் கூடியது. ஆவுடையம்மாளும் அளவைக் கூட்டினாள். மருந்து போதவில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்?

தொண்ணூற்றிரண்டில் அவருக்குக் கண் மஞ்சளித்து, வயிறு வீங்கியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் இருவரையும் கூட்டிப்போனேன்.

"குடிப்பீங்களா?" என்றார் டாக்டர்.

"அந்தப் பழக்கமே கெடையாதுங்கய்யா." சுயம்புலிங்கத்துக்குக் கோபம்கூட வந்துவிட்டது. எனக்கும் அது பொய்யாகப் படவில்லை.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"பஞ்சுக்காகப் பிராந்தி மட்டுந்தாங்கய்யா. வேலைக்குப் போற அன்னைக்கு மட்டும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குடிப்பது நுரையீரலுக்குப் போகாது, ஒரு தூசியையும் கழுவாது, ஈரலைத்தான் கெடுத்திருக்கிறது, இனிமேல் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

"ஒருநாள்கூட தள்ளாடுனதில்லையே அய்யா. அளவாத்தான குடிச்சேன்?"

"நீங்க தள்ளாடுனீங்களா இல்லையான்னு ஈரலுக்குத் தெரியாதுங்க. நெஞ்சுக்குத் தனியா மருந்து எழுதியிருக்கேன். வாங்கிச் சாப்பிடுங்க."

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டில் ஒரே இருமல். என்னமோ ஏதோ என்று ஓடினேன். டாக்டர் கொடுத்த மருந்துக்கு இருமல் இன்னும் அடங்கவில்லை. ஆவுடையம்மாள் பிராந்தி பாட்டிலைக் கையில் பிடித்தபடி நடுவீட்டில் நின்றாள்.

"ஊத்துனா செத்துப்போயிருவியன்னு டாக்டர் சொல்லுதாரு. ஊத்தாட்டி இந்த இருமலே கொன்னுரும் போலிருக்கு. நான் எதைத்தான் செய்ய?" என்று அழுதாள்.

இருமலில் அவரால் பேச முடியவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். அவள் வாசலுக்குப் போய்ச் சாக்கடை வாய்க்காலில் பாட்டில் முழுவதையும் கொட்டினாள். கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, "மருந்துன்னுதான ஊத்துனேன்… மருந்துன்னுதான ஊத்துனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா, தெரியவில்லை.