இல்லாத மேகம்

ஹைதராபாத்தில் கடல் கிடையாது. ஆனால் அங்கே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படங்களிலிருந்து வங்கக் கடலின் சூட்டை வரைவதுதான், இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என் வேலை. சூடான நீரும் குளிர்ந்த நீரும் முட்டிக்கொள்ளும் கோட்டில் மீன் கூடும். அந்தக் கோட்டை என் ப்ரோக்ராம் கண்டுபிடிக்கும். தகவல் தினமும் மீனவ ஊர்களுக்குப் போகும்.

கோடையில் எழுதிய ப்ரோக்ராம். அப்போது கடல் முழுக்க ஒரே வெக்கை, கோடுகளெல்லாம் மங்கல். எங்காவது சட்டென்று குளிர்ந்து தெரிந்தால் அது கடலை மறைக்கும் மேகம், அழித்துவிடு என்று சொல்லிவைத்திருந்தேன். அழகாக ஓடியது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மார்கழியில் ஒரு காலை, நாகப்பட்டினம் பக்கமிருந்து போன். தமிழ் தெரிந்தவள் என்று என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் தகவலை ஊர்ப் பலகையில் சாக்பீஸால் எழுதிப்போடும் மீனவர். குரலை வைத்துப் பார்த்தால் என் வயதுதான்.

“மேடம், ஒரு வாரமா ‘மேகமூட்டம், தகவல் இல்லை’ன்னே அனுப்புறீங்க. இங்க வானம் தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு. மேகம் உங்க ஊர்லயா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பேச்சை நம்பித்தான் ஊரே பலகையைப் பார்க்க ஆரம்பித்ததாம். நாளையும் இப்படியே என்றால் அதன்மேல் கட்சிப் போஸ்டர் ஒட்டப்போகிறார்களாம்.

“நேத்து தண்ணிக்குள்ள கைய விட்டேன் மேடம். ஒரு பக்கம் வெதுவெதுன்னு, கொஞ்சம் தள்ளிப்போனா சில்லுனு. அது உங்க படத்துல இல்லையா?”

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மூலப் படத்தைத் திறந்தேன். மேகமே இல்லை. வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கிவந்த குளிர்நீர். கத்தியால் கீறியதுபோல் அதன் விளிம்பு. மார்கழிக் கடல் தன் கோட்டைத் தானே வரைந்து வைத்திருக்க, நான் நாள் தவறாமல் அதை அழித்திருக்கிறேன்.

நகரின் லாலாகுடா பகுதியிலிருந்து வரும், தெலுங்கும் உருதும் கலந்து தமிழ் பேசும் பக்கத்து நாற்காலி நண்பர் எட்டிப் பார்த்தார். “ஹவ், மேகம் லேது, ஒண்ணும் லேது. உங்க ப்ரோக்ராமே கடலைத் தின்னுட்டிருக்கு!”

ஏதோ கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“மேகம் இல்லைங்க. தப்பு என்னோடது” என்றேன்.

போனில் அலைச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்: “இதையும் பலகையில எழுதிரவா?”

“எழுதுங்க.”

மாலைக்குள் ப்ரோக்ராமைத் திருத்தி, அந்தக் கோட்டை அனுப்பினேன். மறுநாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அதற்கடுத்த நாள் போன் வந்தது, ஏலம் கூவும் இரைச்சலுக்கு நடுவே.

“வலை இழுக்க ஆள் பத்தலக்கா! போஸ்டர்காரன திருப்பி அனுப்பிட்டோம்.”

பிறகு வேலைகள் மாறின, ஊர்கள் மாறின. ஆனால் என் தப்பை மழுப்பத் தோன்றும்போதெல்லாம், மேடமாக இருந்தவளை அக்காவாக்கியது அந்த ஒற்றை ஒப்புதல்தான் என்று நினைத்துக்கொள்வேன், வாய் தானாக உண்மையைச் சொல்லிவிடும்.