அக்கா உட்காரும் நேரம்

அக்கா பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சு, எச்சில் ஈரம் காயாமல் அவள் மேஜைக்கு வந்து சேரும். அதைக் கழுவி, பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் மெஷினில் தேய்த்துப் பளபளப்பாக்குவது வரை அவள் பொறுப்பு. ஊரார் வாயை நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கிற ஒருத்திக்கு அருவருப்பு லேசில் வராது என்று நினைப்போம். சரிதான், வாய்களைப் பார்த்து அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்தது வேறு இடத்தில்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு, சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்திருக்கிற சின்ன பால்கனிக்குப் போவாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஜன்னல்கூடக் கிடையாது, ஒரு கழிவுநீர்க் குழாய் மட்டும் மேலிருந்து கீழே இறங்கும். செல்போன் உள்ளே கிடக்கும். பாட்டு, புத்தகம், பின்னல் எதுவும் கிடையாது. வெளிச்சம் போகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து சமைப்பாள். அங்கே என்ன யோசிப்பாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, யோசித்தால்தானே. மயிரிழை விலகாமல் பல் நடுகிற கண்ணுக்கும் கைக்கும், யாரும் எதுவும் கேட்காத ஒரு நேரம் வேண்டியிருந்தது. அது கிடைத்த நாள் நல்ல நாள். கிடைக்காத நாள் பாத்திரங்கள் சத்தமாக விழும்.

அக்காவின் வீட்டுக்காரர் நேர் எதிர். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அதைப் பற்றி யாராவது கேட்டால் ஏதோ வியாதியைப் பற்றி விசாரித்துவிட்டதைப் போலப் பேச்சை மாற்றுவார். ஆர்வங்களைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்வார். அலமாரி மேல் கிடார் உறைக்குள் படுத்திருந்தது. பந்தய சைக்கிளில் துண்டு காய்ந்தது. வீட்டிலேயே ரொட்டி சுடப்போகிறேன் என்று அவர் புளிக்க வைத்த மாவு ஜாடியிலிருந்து பொங்கி வழிந்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கல்லாகிவிட்டது. சுரண்டி எடுத்தது அக்கா. இப்போது தொலைநோக்கி. அதில் அதுவரை நிலாவும், எதிர்மாடிக் கொடியில் ஒரு பனியனும் தெரிந்திருந்தன. ஆனாலும் நாலு பேர் கூடும் இடத்தில் அவரைச் சுற்றித்தான் ஆள் நிற்கும். யாராவது அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்க?" என்று இழுத்தால் அவரே முந்திக்கொள்வார்.

"அவ ரொம்ப சிம்பிள்."

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பற்றிச் சொல்கிற குரல் அது.

முன்பெல்லாம் ஒரு மனுஷி ஒழுங்காக இருந்தால் போதும். இப்போது சுவாரசியமாகவும் இருந்து தொலைக்க வேண்டியிருக்கிறது. அக்கா வேலை செய்யும் பல் லேபின் முதலாளி வீட்டு மருமகள் நிர்வாகம் படித்துவிட்டு வந்து, வரவேற்பறைச் சுவரில் ஊழியர் எல்லோருடைய படத்தையும் மாட்டப்போவதாக அறிவித்தாள். படத்துக்குக் கீழே அவரவர் உயிரைக் கொடுத்து ஈடுபடுகிற விஷயத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். பிளாஸ்டர் கலக்குகிறவர் மலையேற்றம் என்றார். போன வருஷம் ஒரு குன்றுக்குப் போயிருந்தார். போனது ரோப் காரில். டெலிவரிக்காரர், கவிதை என்றார். வரவேற்பில் உட்காருகிற பெண் மூன்று ஆர்வங்களைச் சொல்லி, படத்துக்கு எது எடுப்பாக இருக்குமோ அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

அக்காவின் முறை வந்தது.

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும்க்கா. வீட்டுக்குப் போனதும் என்ன பண்ணுவீங்க?"

"உக்காருவேன்."

"உக்காந்து?"

"உக்காந்திருப்பேன்."

"பாட்டு ஏதாவது கேட்டுக்கிட்டா?"

"இல்லம்மா. சும்மா."

மருமகளின் கண் விரிந்தது. அவள் படித்த படிப்பில் எதற்கும் இடம் உண்டு, ஒன்றும் இல்லாததற்கு மட்டும் இல்லை. அடுத்த வாரம் சுவரில் அக்கா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்; சிரிக்கச் சொல்லியிருந்தார்கள். கீழே 'அசைவின்மையின் கலைஞர்' என்று போட்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் கூசாமல் புளுகியிருக்க, உள்ளதைச் சொன்ன ஒரே ஆளின் படத்துக்குக் கீழேதான் அந்தச் சுவரின் மிகப் பெரிய புளுகு இருந்தது. அதை அன்றே கிழித்துப் போடாததுதான் அக்கா செய்த தவறு. ஒரு காகிதம்தானே, போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

அந்தக் காகிதம் செல்போன் வழியாக வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்தது. முதலில் அவருக்கு வருத்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் தன்னிடம் மறைத்துவிட்டாளே என்று. அப்புறம் பெருமை பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலி போய்ப் பிரம்பு நாற்காலி வந்தது. வாஷிங் மெஷினுக்கு ஒரு திரை வந்தது. கழிவுநீர்க் குழாயை மறைக்கத் தொட்டியில் ஒரு செடி வந்தது. கடைசியில் இரண்டாவதாக ஒரு நாற்காலியும், அதில் அவரும் வந்தார்கள்.

அவர் மூக்கால் இழுத்து வாயால் விடுவார். விட்டு முடிக்கும்போது 'ஹா' என்று ஒரு முத்தாய்ப்பு. நடுநடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து, மனைவி எப்படிச் செய்கிறாள் என்று பார்ப்பார், பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பதுபோல.

"நீ மூச்சை எங்க நிறுத்துற?"

"எங்கயும் நிறுத்தல. அதுபாட்டுக்குப் போகுது."

இதை அவர் தன் தங்கையிடம் போனில் சொன்னார், இரண்டு தடவை.

தங்கை ஒரு பெரிய கம்பெனியில் ஊழியர்களைச் சந்தோஷமாக வைத்திருக்கும் வேலையில் இருப்பவள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சிநேகிதிகளோடு வந்து இறங்கினாள். எல்லோரும் இதற்கென்றே வாங்கிய தொளதொளச் சட்டை போட்டிருந்தார்கள். ஒருத்தியின் கழுத்துப் பக்கம் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. ஹாலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்காவை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி கண்ணை மூடியபடியே செல்போனை உயர்த்திப் பிடித்துத் தன்னைப் படமெடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி யாரும் கேட்காமலே பெருமூச்சு விட்டு, அது சரியாக வரவில்லையோ என்று மறுபடியும் விட்டாள். உதடுகளில் ஒரே மாதிரி அரைச்சிரிப்பு. செயற்கைப் பல்லுக்கு நிறம் தேர்ந்தெடுக்க லேபில் ஓர் அட்டை உண்டு, அதில் வெள்ளையிலேயே பல வெள்ளை இருக்கும். அந்த முகங்களின் அமைதியும் அப்படி அட்டையைப் பார்த்துப் பொறுக்கியெடுத்ததாகத்தான் தெரிந்தது. அடுத்தவர் எச்சிலைக் கழுவிய கையோடு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடுகிற அக்காவுக்கு அன்றைக்குக் குமட்டியது.

உள்ளுக்குள் என்ன உணர்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். கால் மரத்துவிட்டது என்றாள் அக்கா. எல்லோரும் மெல்லத் தலையாட்டினார்கள். கேட்டவள் அதை ருசிப்பதற்காகக் கண்ணை மறுபடியும் மூடிக்கொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இவங்க தினமும் வரேங்கறாங்க. சாயங்காலம் நீங்க எப்படியும் உக்காரத்தானே போறீங்க?"

தினமும். அக்கா திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். இன்னும் எத்தனை நாற்காலி வாங்கலாம் என்று அவர் ஹாலைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்லி வந்து மாட்டிக்கொண்ட இடம் இது. இங்கிருந்து உண்மையைச் சொல்லி வெளியே போக முடியாது என்பது அவளுக்கு அப்போது உறைத்தது.

"தினமும் முடியாதும்மா," என்றாள். "அந்த நேரத்துக்குத்தான் சீரியல்."

"சீரியலா?"

"ஆமா. மாமியாருக்கு மருமக விஷம் வச்சுட்டா. பொழைப்பாளான்னு தெரியல. விட முடியலம்மா."

ஹாலில் எதுவோ செத்து நாறியது போல ஒரு மௌனம் விழுந்தது. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நிகழ்ந்த ஒரே உண்மையான மௌனம் அதுதான். விலைச்சீட்டுக்காரி செருப்பைத் தேடினாள். நாத்தனார் அண்ணியின் கையை விட்டுவிட்டு, அதெல்லாம் மெல்ல மெல்ல ஆளை அடிமையாக்கிவிடும், பார்த்து இருங்கள் என்று எச்சரித்துவிட்டுப் படியிறங்கினாள்.

திங்கட்கிழமை லேபிலும் அக்கா தானாகவே போய் சீரியல் விஷயத்தைச் சொன்னாள். மருமகள் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசினாள். சாயங்காலத்துக்குள் படம் இறங்கிவிட்டது. வீட்டில் இரண்டாவது நாற்காலி தொலைநோக்கியின் பக்கத்துக்குப் போனது. வெளியிடங்களில் அவர் இப்போதும் முந்திக்கொள்கிறார், "அவ சீரியல்ல விழுந்துட்டா" என்று. குரல் அதே குரல்தான். கேட்கிறவர்கள் 'ப்ச்' கொட்டிவிட்டு நட்சத்திரங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். உள்ளதைச் சொன்னபோது ஒருவரும் நம்பாத அக்காவை, பொய் சொன்னதும் எல்லோரும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

பொய்க்குக் கூலி உண்டு. தினமும் படுக்கையறையில் டிவியைச் சத்தமாக வைத்து, கதவைச் சாத்திவிட்டு அக்கா பால்கனிக்குப் போகிறாள். இரண்டு கதவுகளைத் தாண்டியும் அந்த அழுகை வருகிறது. ஒருத்தி முடித்தால் இன்னொருத்தி தொடங்குகிறாள். கேட்கவே அருவருப்பான சத்தம். ஆனால் கூர்க்கா வைத்தால்கூட அப்படிக் காவல் காக்க மாட்டான்.

ஒருநாள் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவர், பால்கனிக் கதவருகே நின்றுவிட்டார்.

"அங்க சீரியல் ஓடுது, நீ இங்க உக்காந்திருக்க?"

"விளம்பரம் போட்டிருக்கான்," என்றாள் அக்கா, திரும்பாமல்.

உள்ளே ஒரு பெண் பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி கதறிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். எந்தப் பொருளுக்கு விளம்பரம் என்று கேட்கவில்லை.