மல்லி அவிழ்த்த முடிச்சுகள்

மினி லாரியிலிருந்து மாமா இறக்கிப்போட்ட கயிற்றுச் சுருளில் கடலூர் துறைமுகத்து மீன் வாடை அப்படியே இருந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர், விசைப்படகில் வேலை. சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். சிதம்பரத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, கடலூரில் கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். வெளியூர் மிருகக்காட்சி சாலை ஒன்றில் சிம்பன்சிக்குப் புது இடம் அமைக்கும் வேலை வந்தது. "கொரங்குக்கு வீடு கட்டவா மச்சான் இவ்ளோ படிச்ச?" என்று மாமா ஓட்டிக்கொண்டே இருந்தார். ஆனாலும் கயிறு கட்ட அவர்தான் வந்தார்.

அங்கே மல்லி என்று ஒரு பெண் சிம்பன்சி இருந்தது. முதலில் கம்பிக் கூண்டு, பிறகு அகழி சூழ்ந்த சிமெண்டுத் தரை, இரண்டிலும் வாழ்ந்து பார்த்துவிட்டது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தன் இடது கை முடியைத் தானே பிடுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கை மொட்டையாகவே இருந்தது. அதைப் பார்த்த அன்றே எனக்குள் ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. மண், புல், உயரமான கம்பங்கள், கிளைபோல ஆடும் கயிறுகள் என்று வரைந்து தள்ளினேன். மிருகக்காட்சி சாலை அதிகாரிக்கோ கான்கிரீட் மரம்தான் பிடித்திருந்தது, கழுவ வசதி என்பதால். "ஒரு நாள் விட்டுப் பாக்கலாம். சரியா வரலன்னா கான்கிரீட்தான்" என்றார்.

உயரம், இடைவெளி எல்லாம் அங்குலம் பிசகாமல் குறித்த நான், முடிச்சை மட்டும் வரையவே இல்லை. 'கயிறு கட்டவும்' என்று எழுதியதோடு சரி. மாமா படகில் போடும் முடிச்சையே போட்டார். எவ்வளவு இழுத்தாலும் இறுகும்; இடம் தெரிந்து தொட்டால் உடனே விடும்.

மறுநாள் காலையில் மல்லியைப் புது இடத்துக்குள் விட்டார்கள். அது ஏறவே இல்லை. கம்பத்தடியில் உட்கார்ந்து முடிச்சை முகர்ந்தது, விரலை உள்ளே விட்டது. கொஞ்ச நேரத்தில் கயிறு கீழே விழுந்தது. அடுத்த கம்பத்துக்குப் போனது. மதியத்துக்குள் நான்கு கயிறுகள் தரையில் கிடந்தன.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றார் அதிகாரி. நான் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினேன். மாமாவோ கைதட்டிச் சிரித்தார். "புதுசா படகுக்கு வர்றவனுக்கே இத அவுக்க ரெண்டு நாளாவும் சார்! இந்தம்மாவ எங்கூட அனுப்பிடுங்க!"

மல்லிக்குச் சோறூட்டி வளர்த்த காவலர் மட்டும் சிரிக்கவில்லை. "சார், காலையிலேந்து அது ஒரு முடியக்கூடப் பிடுங்கல" என்றார்.

எல்லோரும் அதன் கையைப் பார்த்தோம். நான் அங்கேயே குந்தி, வரைபடத்தின் பின்பக்கத்தில் பரபரவென்று போட்டேன்: ஏறும் கயிறுகளுக்கு இரும்புப் பூட்டு, கைக்கெட்டும் உயரத்தில் தனியாகச் சில முடிச்சுகள், தினமும் புதிதாய்க் கட்ட.

"இது எந்த வெயிட்டத் தாங்குது?" என்று அதிகாரி அந்தத் தனி முடிச்சுகள்மேல் விரல் வைத்துக் கேட்டார்.

"எதையும் தாங்கல சார். அது அவுக்கறதுக்கு."

இன்றும் எந்த விலங்குக்கு இடம் வரைந்தாலும், எதையும் தாங்காத ஒன்றை அதில் சேர்க்காமல் விடுவதில்லை. அன்று அதிகாரி அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போட்டார். அதற்குள் மாமா, காவலருக்கு அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். புது இடத்தின் அகழிக்கு அந்தப் பக்கம் மல்லி எழுந்து நின்று, கண்கொட்டாமல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.