கலண்டரில் என்ர முகம்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போய்ப் படமெடுக்கிறது என்ர பழக்கம். அப்பதான் டிஜிட்டல் கமரா வாங்கின புதுசு. ஒருநாள் பூ வாங்கிக்கொண்டு நிண்ட ஒரு ஜெர்மன்காரி, "என்னட்டைக் கேக்காமல் எப்பிடி எடுப்பாய்?" எண்டு பொலிசைக் கூப்பிட்டா. சனத்துக்கு முன்னால் நானே அந்தப் படத்தை அழிச்சன். பிழை என்ரதுதான் எண்டு நினைச்சு வீட்டை வந்தன்.

அந்த மார்கழியில், புத்தகக் கடையில் ஒரு கலண்டர் தொங்கினது. உள்ளூர்ப் புகைப்படக் கழகம் ஒண்டு போட்டது. புரட்டிப் பாத்தால் பங்குனி மாதப் படத்தில் நான். வேலை செய்யிற ரெஸ்ரோரண்ட் பின்வாசலில், நனைஞ்ச உடுப்போட கவிட்டு வைச்ச வாளியில் குந்தியிருந்து உருளைக்கிழங்கு சீவுறன். கீழே, "எங்கள் நகரத்தின் நிறங்கள்." ஆர் எடுத்தது, எப்ப எடுத்தது எண்டே தெரியாது.

கழகத்துக்குப் போன் எடுத்து, "என்னட்டைக் கேட்டனிங்களோ?" எண்டன்.

"அழகான படம். நீங்கள் பெருமைப்படவேணும்" எண்டார் ஒருத்தர்.

என்ர மனிசி அந்தக் கலண்டரை வாங்கிவந்து, என்ர படம் தெரியிறமாதிரி குசினிச் சுவரில் கொழுவினா. "கோவிக்காதேங்கோ, வடிவாத்தானே இருக்கிறியள்" எண்டா.

சித்திரை பிறந்தும் அவ தாளைத் திருப்பேல்லை. கொழுவிறதுக்கு முந்தி அவவும் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை.