விலத்துங்கோ!

மூன்று வருடங்களுக்கு முந்திய மாரிகாலம். மொன்றியலில் இருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் ஒரு பனிச்சறுக்கு மலையில் நடந்தது இது. நான் அங்கே சறுக்கப் போகவில்லை. சூப் காய்ச்சப் போனேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்து போனபிறகு நான் மட்டும் எங்கே போய்ப் படிப்பது? பிறகு கொழும்பு. பிறகு பெய்ரூத்தில் ஒரு வீட்டில் சமையல், கழுவல், துடையல். கனடா வந்து கடலோரத்தில் மீன் வெட்டினேன், கண்ணாடிக் கூடாரத்தில் வெள்ளரிக்காய் பிடுங்கினேன், மொன்றியல் டவுன்டவுனில் நாலைந்து உணவகக் குசினிகளில் நின்றேன். ஒரு இடத்தில் இரண்டு வருடம் தாண்டினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. "அக்கா காலிலை சில்லுப் பூட்டினவ" என்று தங்கச்சி சொல்லுவாள், சக்கரம் பூட்டிய கால் என்று. பியர்பொன்ட்ஸில் அவளுடைய வீட்டு பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது.

மலைக் குசினியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கையில் ஒரு அட்டை தந்தார்கள். வேலை செய்கிறவர்கள் சீசன் முழுக்க மலை ஏறலாம். கம்பியில் தொங்கி ஆட்களை மேலே ஏற்றிப்போகும் கதிரைகளுக்குப் போகும் வாசலில் அந்த அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். மற்றச் சமையல்காரர்கள் அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். நானும் மறந்திருப்பேன். ஆனால் சூப் பானைக்கு முன்னால் ஒரு பெரிய யன்னல் இருந்தது. அதால் பார்த்தபோது, எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு கிழவர் இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, கடைக்குப் போய் வருகிறவரைப் போல மலையில் இருந்து இறங்கி வந்தார். அவருக்கு முடியும் என்றால் எனக்கு ஏன் முடியாது?

வாடகைக்கு விடுகிற இடத்தில் கழித்துவிட்ட சறுக்குச் சப்பாத்தும் சறுக்குப் பலகையும் கேட்டு வாங்கினேன். தங்கச்சிக்குச் சொன்னபோது அவள் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலம் சறுக்கினது காணாதே அக்கா? இனிப் பனியிலையும் சறுக்கோணுமே?"

"இவ்வளவு காலமும் மற்றவை தள்ளிச் சறுக்கினனான். இது நானாச் சறுக்கிறது" என்றேன்.

"கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?"

"முந்தி ஆர் பாத்தது?"

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

டிசம்பரில் ஒரே ஒரு பாதைதான் திறந்திருந்தது. மெஷின் ஊதிய பனி, உடைத்த ஐஸ் மாதிரி. விழுந்தால் நோகும், நான் நிறைய விழுந்தேன். ஜனவரியில் உண்மையான பனி வந்தது, உண்மையான குளிரும் வந்தது. மூக்குக்குள் மயிர் விறைத்து முள்ளாகிவிடும் குளிர். அந்த நாட்களில் மலையில் ஆளே இருக்காது. மத்தியானச் சமையல் முடிந்து இரண்டரை மணிக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு மேலே போவேன். கதிரையில் தனியே தொங்கிக்கொண்டு போகும்போது கீழே பைன் மரங்கள், பனிக்குமேல் முயல் போன தடம், வேறு சத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பழகினேன். நேரே விட்டால் பலகை ஓடும், கீழே சமதரை வந்ததும் தானாக நிற்கும். அவசரம் என்றால் பக்கவாட்டில் விழுந்துவிடலாம். பெரிய அகன்ற மலை, நான் ஒருத்தி. எனக்குச் சறுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பள்ளிக்கூட விடுமுறை வந்தது. மொன்றியல் முழுவதும் கிளம்பி அந்த மலைக்கு வந்ததுபோல இருந்தது. கதிரைக்கு வரிசை பாம்பு மாதிரி வளைந்து நின்றது. சாப்பாட்டுக் கூடத்தில் ஈரக் கையுறைகள் காயப்போட இடமில்லாமல் மேசைக் காலில் தொங்கின. அந்தச் சனிக்கிழமை சூப் மூன்று தரம் காய்ச்சினேன். வேலை முடிந்ததும் வழக்கம்போல மேலே போனேன். 'இன்றைக்கு வேண்டாம்' என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

காலை முழுக்க ஆயிரம் பேர் சுரண்டிப் பாதையின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதில் பலகை ஏறியதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. வலப்பக்கம் ஆட்கள், இடப்பக்கம் ஆட்கள். விழவும் இடமில்லை. எனக்கு நேரே முன்னால் நீல ஜாக்கெட் போட்ட ஒருவர் ஆறுதலாக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். என் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"விலத்துங்கோ! விலத்துங்கோ!"

விலகு, வழிவிடு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. சைக்கிளில் போகிறவர் மணியை அடித்துவிட்டு இப்படிக் கத்தினால் முன்னால் போகிறவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் பிழை அவருடையது. நான் வளர்ந்த ஒழுங்கைகளில் சட்டம் அதுதான்.

நீல ஜாக்கெட்காரர் ஒதுங்கவில்லை. நடுப்பாதையில் அப்படியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். நான் போய் அவர் நெஞ்சில் மோதினேன். இரண்டு பேரும் உருண்டோம். எழும்பிப் பார்த்தால் அவருடைய சறுக்குத் தடி ஒன்று வில்லாக வளைந்திருந்தது. மூக்கில் இருந்து இரத்தம், வெள்ளைப் பனியில் சொட்டுச் சொட்டாக. எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது.

"கத்தினனான்தானே! ஏன் விலத்தேல்லை?"

அவர் மூக்கில் பனியை அள்ளி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும்.

"தமிழ் கேட்டுது, அக்கா" என்றார். "பத்து வருசமா இந்த மலையிலை சறுக்கிறன். ஒரு நாளும் ஒரு தமிழ்ச் சொல் கேட்டதில்லை. ஆரெண்டு பாப்பமெண்டு நிண்டிட்டன்."

அந்த மலையில் நான் சொன்னது விளங்கிய ஒரே மனிதர் அவர்தான். விளங்கியதால்தான் நின்றார்!

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போதுதான் அவருக்குப் பின்னால், பத்தடி கீழே, பாதையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த வரிசையைக் கண்டேன். சறுக்கு வகுப்புப் பிள்ளைகள். ஐந்து வயது, ஆறு வயது. தலைக்கவசம் போட்ட தாராக்குஞ்சுகள் மாதிரி ஆசிரியைக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் போனார்கள். அந்த மனிதர் நான் சொன்னபடி ஒதுங்கியிருந்தால் நான் நேரே அந்த வரிசைக்குள் போயிருப்பேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சிவப்பு ஜாக்கெட் போட்ட மலைக் காவல்காரி வந்தாள். நரைத்த தலை, வெயிலில் கறுத்த முகம். முதலில் அவருடைய மூக்கைப் பார்த்தாள், பிறகு என்னிடம் பிரெஞ்சில் பொழிந்தாள். குசினிப் பிரெஞ்சு எனக்குத் தெரியும். இது குசினிப் பிரெஞ்சு இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டே அவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

"அக்கா, முன்னுக்குப் போறவருக்குத்தான் வழியாம். அவர் எவ்வளவு மெதுவாப் போனாலும் வழி அவருடையதாம். பின்னுக்கு வாறவர்தான் விலத்திப் போகோணுமாம்."

"நான் சத்தம் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

"மணி அடிச்சுப்போட்டு இடிச்சால் அது இடி இல்லையே?" என்றார் அவரே.

காவல்காரி கையை நீட்டினாள். அட்டையைக் கொடுத்தேன். "நிற்கத் தெரிந்தபிறகு வந்து கேள்" என்றாள். அது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி ஜாக்கெட் கையில் இரத்தத்தைக் கண்டுவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒளிக்கவில்லை.

"கடவுளே, பிள்ளையளுக்கு ஏதும் நடந்திருந்தால்? காணும் அக்கா. அட்டையைப் பறிச்சது நல்லது. உது எங்கட சனத்துக்குச் சரிவராது. பேசாமல் சூப்பைக் காய்ச்சுங்கோ."

பிள்ளைகளைப் பற்றி அவள் சொன்னது சரி. அன்றைக்கு நித்திரையில் அந்தத் தாராக்குஞ்சு வரிசை வந்துகொண்டே இருந்தது. ஆனால் 'எங்கட சனத்துக்குச் சரிவராது' என்றாளே, அது எனக்குள் இறங்கவில்லை. தொண்டையில் நின்ற மீன் முள் மாதிரி நின்றது.

அடுத்த நாள் வேலையாட்களை ஏற்றிப்போகும் வான் வண்டியில் ஏறியபோது அந்தச் சட்டத்தையே நினைத்துக்கொண்டு போனேன். முன்னால் போகிறவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் வழி அவருடையது. யோசித்துப் பாருங்கள். நான் பிறந்த நாளில் இருந்து எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் விலத்து, விலத்து என்று கத்திக்கொண்டுதான் வந்திருக்கிறார். ஆமி ட்ரக் வந்தது, வேலியோடு ஒட்டினேன். பெய்ரூத் வீட்டு எசமானி வந்தாள், சுவரோடு ஒட்டினேன். தட்டோடு ஓடிவரும் பரிமாறுகிறவன் வந்தான், அடுப்போடு ஒட்டினேன். மெதுவாகப் போகிறவரின் பக்கம் நிற்கும் ஒரு சட்டத்தை நாற்பத்தொன்பது வயதில்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே அதை உடைத்த ஆளும் நான்தான். அந்தச் சட்டத்தின் நிழலில் நிற்க வேண்டும் என்றால் முதலில் எனக்கு நிற்கத் தெரிய வேண்டும்.

குழந்தைகளின் சிறு சரிவுக்கு அட்டை தேவையில்லை. அங்கே ஓடும் ரப்பர்ப் பாய் ஒன்றுதான் மேலே கொண்டுபோகும். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இடையில் வரிசையில் நின்றேன். பலகை முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். பிள்ளைகளுக்கு அதை 'பீட்சா' என்று சொல்லிக் கொடுப்பார்கள், ஒரு துண்டுப் பீட்சாவின் வடிவம் என்பதால். இருபது வருடம் குசினியில் நின்றவளுக்குப் பீட்சா செய்யப் பாலர் வகுப்பில் சொல்லித் தந்தார்கள்! என் குசினிக்காரர்கள் யன்னலால் பார்த்துக் கரண்டியால் பானையைத் தட்டிக் கேலி செய்தார்கள். நான் கையைக் காட்டிவிட்டு மறுபடியும் பாயில் ஏறினேன். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். இறங்கப் பழகவில்லை. நிற்கப் பழகினேன். வலப்பக்கம் நிற்க, இடப்பக்கம் நிற்க, யாராவது குறுக்கே வந்தால் நிற்க, யாரும் வராமலும் நிற்க.

இரண்டு கிழமை, பதினாலு நாள் கழித்துக் காவல்காரியிடம் போனேன். பார்த்தாள். "ஒரு பக்கம்தான் நிற்கிறாய்" என்று திருப்பி அனுப்பினாள். மூன்றாம் கிழமை மறுபடியும் போனேன். "நாளை ஞாயிறு, கூட்டம் இருக்கும், அப்போது வா" என்றாள். வேண்டுமென்றே கூட்டமான நாளைத் தெரிந்தெடுத்தாள் என்று விளங்கியது. சரி, அதே கூட்டம்தான் எனக்கும் வேண்டும்.

அன்றைக்கு என்னை முன்னால் விட்டு அவள் பின்னால் வந்தாள். கையில் விசில். அவள் ஊதும்போதெல்லாம் நான் நிற்க வேண்டும். கண்ணாடிப் பகுதியில் ஊதினாள், நின்றேன். ஆட்கள் நெருக்கிய வளைவில் ஊதினாள், நின்றேன். கடைசியில் வகுப்புப் பிள்ளைகளின் வரிசை குறுக்கே வந்தது. அவள் ஊதவில்லை. நான் முன்னமே நின்றுவிட்டேன். கடைசிக் குஞ்சு கடந்து போகும்வரை நின்றேன். அவள் என்னருகில் வந்து, சிரிக்காமல், பையில் இருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "மெர்சி" என்று அவளுடைய மொழியிலேயே நன்றி சொன்னேன்.

பிறகு வந்ததுதான் வசந்தம். சறுக்குக்கு அதைவிட நல்ல காலம் இல்லை என்று அடித்துச் சொல்லுவேன். சமையல்காரியின் கணக்கில் சொன்னால், ஏப்ரல் பனி காலையில் கல், பதினொரு மணிக்கு ரவை, மூன்று மணிக்குக் கூழ். அந்த ரவைப் பருவம் ஒரு மணித்தியாலம்தான் நிற்கும். பலகை அதில் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். விடியவே வந்து மரக்கறி எல்லாம் வெட்டி வைத்துவிட்டு அந்த ஒரு மணித்தியாலத்தைக் குசினியிடம் இருந்து பிடுங்கிக்கொண்டேன். வெயில் முகத்தைச் சுடும். ஆட்கள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு சறுக்குவார்கள். ஓரங்களில் மண் தெரியத் தொடங்கும், பனி உருகி ஓடும் சத்தம் கேட்கும்.

மலை மூடுவதற்கு முந்திய ஞாயிறு அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன், என் வேகத்தில், அகலமாக வளைந்து வளைந்து. பின்னால் இருந்து ஒரு குரல்.

"அக்கோய்! விலத்துங்கோ!"

என் உடம்பு தானாக ஓரத்துக்குச் சாய்ந்தது. அத்தனை வருடப் பழக்கம். ஒரு கணம்தான். பிறகு பலகையை மறுபடியும் என் வளைவுக்குத் திருப்பினேன்.

"விலத்தேலாது! முன்னுக்குப் போறது நான்! நீர் விலத்திப் போம்!"

நீல ஜாக்கெட் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. நிமிர்த்தியும் நிமிராத அதே தடி அவர் கையில். சிரித்துத் திரும்பிப் பார்த்ததில் ஓரத்தில் முன்னமே கூழான பனிக்குள் தடுக்கி முகங்குப்புற விழுந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய், வேண்டுமென்றே, மிக அழகாக நின்று காட்டினேன்.

"மூக்கு இருக்கே தம்பி?"

"இருக்கு அக்கா. சட்டம் படிச்சிட்டியள் போல!"

அன்று பின்னேரம் தங்கச்சிக்கு முகத்தின் வெயில் கறுப்பைக் காட்டினேன். கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. "ஆந்தை மாதிரி இருக்கிறியள்" என்றாள். அடுத்த சீசனுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன் என்றேன். காலில் சில்லுப் பூட்டினவள் இப்போது ஒரே இடத்துக்கு நாலாவது மாரியாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் மெற்றோப் படியிலோ கடை வரிசையிலோ பின்னால் இருந்து யாராவது அவசரப்படுத்தினால் என் கால் முதலில் ஒதுங்கத்தான் பார்க்கிறது. அப்போதெல்லாம் அந்த மலையைக் காலுக்கு ஞாபகப்படுத்தி, முன்னால் ஒருவரையும் இடிக்காமல், பின்னால் வருகிற ஒருவருக்கும் பயப்படாமல், என் வேகத்திலேயே போகிறேன்.